மெழுகியவர் யார், மிதித்தவர் யார்?

திருவண்ணாமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள். கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். ஆயிரங்கால் மண்டபம் உண்டு, பாதாள லிங்கம் உண்டு. எல்லாம் சரி. கீழே கிடக்கிற தரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினவர் யார்? நான் தேடிப் படித்த வரைக்கும் கண்ணில் படவில்லை.

தரைக்கும் சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று கேள்வி போதும். போட்டது யார்? பராமரித்தது யார்? மிதிக்க உரிமை உள்ளவர் யார்? வேறு நாடுகளில் இந்த மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்கலாம். சாதி இருக்கிற நாட்டில் முதல் இரண்டுக்கு ஒரு பதில், மூன்றாவதற்கு வேறு பதில்.

முதலில் சேரியின் தரையைப் பார்ப்போம். எங்க ஆயா தரை போடுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். செம்மண்ணும் களிமண்ணும் கலந்து, பதர் போட்டு, தண்ணி விட்டு மிதித்துப் புளிக்க வைப்பார். பரப்பித் திமிசுக்கட்டையால் இடிப்பார். பாதி ஈரத்தில் கூழாங்கல்லை வைத்துத் தேய்ப்பார். அதுக்கு மேலேதான் சாணி. "பசுஞ்சாணியா பாத்து எடுடா, நேத்து சாணி வாணாம், அது புடிக்காது" என்பார். வைக்கோல் கரியைப் பொடித்துச் சேர்த்தால் தரை கருகருவென்று வரும். சாணியில் இருக்கிற நார்தான் மண்ணைப் பிடித்து வைக்கிறது, வெடிப்பு விடாமல் பார்த்துக்கொள்கிறது. வெடிப்பு விட்ட இடத்தில் முதலில் மண் பூசி அடைக்க வேண்டும், பிறகுதான் மெழுக வேண்டும். வாரா வாரம் இந்த வேலை உண்டு. விட்டால் தரை புழுதி கக்கும், பிள்ளைகளுக்கு இருமல் வரும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மெழுகுகிறவர் உள்சுவரில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வருவார். ஈரத் தரையை மிதிக்கக் கூடாது அல்லவா? வேலை முடிகிறபோது அவர் வாசலுக்கு வெளியே இருப்பார். சொந்த வீட்டில் காய்ந்ததும் உள்ளே போய்விடலாம். அடுத்தவன் தரை என்றால் வெளியே நின்றது நின்றதுதான்.

அந்தச் சொந்த வீடாவது சொந்தமா? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் வீட்டு மனையின் கதை வருகிறது. குடிசை நிற்கிற மனை மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் மனையை விட்டு விரட்டலாம். கூலி உயர்த்திக் கேட்க முடியாமல் மக்களை அடக்கி வைத்ததில் இந்தப் பயத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த அறிக்கையை அடுத்துத்தான் 1892-இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்றால் விளைநிலத்தை மட்டும் நினைக்கிறோம். மனையும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. ஒருத்தி தன் தரையைக் காலமெல்லாம் மெழுகுகிறாள், ஒரே ராத்திரியில் "எடத்தக் காலி பண்ணு" என்கிறான். அவள் போட்ட மண், இடித்த இடி, தேய்த்த தேய்ப்பு எதற்கும் கணக்கு இல்லை.

அடுத்தது களம். அறுவடைக்கு முன்னால் ஆண்டையின் களத்தைச் செதுக்கி, மேடு பள்ளம் நிரவி, சாணி மெழுகுவது சேரி ஆட்களின் வேலை. மெழுகின களத்தில்தான் நெல்லோடு கல் மண் சேராது. அங்கேயே கதிர் அடித்து, தூற்றி, அம்பாரம் கட்டி, மூட்டை பிடித்துக் கொடுப்பதும் அதே ஆட்கள். அந்த நெல் ஆண்டை வீட்டுக் கூடத்துக்குள் போகும். மூட்டை சுமந்தவர் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். எங்க ஆயா சிரித்துக்கொண்டே சொல்வார்: "களத்துல எங்காலு பட்ட நெல்லு உள்ள போவுது, எங்காலு மட்டும் உள்ள போவக்கூடாதாம். நெல்லுக்குத் தீட்டு இல்ல, காலுக்குத்தான் தீட்டு." இதைவிடத் தெளிவாகத் தீட்டின் பொருளாதாரத்தை எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை. தீட்டு பொருளில் ஒட்டுவதில்லை. உள்ளே வந்தால் பங்கு கேட்பானே என்று பயப்படுகிற இடத்தில் ஒட்டுகிறது.

கோயில் தரைக்கு வருவோம். அலகிடுவதும் மெழுகுவதும் சைவத்தில் பெரிய தொண்டு. திருவதிகையில் திலகவதியார் கோயிலைக் கூட்டி மெழுகினார். தம்பி அப்பர் உழவாரப்படை எடுத்துப் புல் செதுக்கினார். கூட்டுவதைவிட மெழுகுவதில் பத்து மடங்கு இன்பம் என்ற கருத்தையே தேவாரத்தில் வைத்தார். அண்ணாமலையையும் அவர் பாடியிருக்கிறார். அதே பெரிய புராணத்தில்தான் நந்தனாரும் இருக்கிறார். முரசுக்குத் தோல் கொடுத்தார், வார் கொடுத்தார், திருப்புன்கூரில் குளம் வெட்டினார். கோயில் தரையைக் கூட்டும் தொண்டு அவருக்கு இல்லை. நந்தி விலகியது, தரை விலகவில்லை. தில்லையில் உள்ளே போக நெருப்பு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வேளாளர் குடியில் பிறந்தவர் துடைப்பம் எடுத்தால் தொண்டு. நம்ம ஆயா எடுத்தால் அது சாதித் தொழில். அதே துடைப்பந்தான், அதே சாணிதான்.

மரத்தரைக்கு வருகிறேன். "நம்ம ஊர்ல மரத்தரை ஏது?" என்று கேட்பீர்கள். சமவெளியில் கரையானுக்கும் வெயிலுக்கும் மண், சுண்ணாம்பு, கல் இவைதான் தோது. மரத்தளம் என்றால் வசதியானவர் வீட்டு மச்சு, அதை விட்டால் மலைமேல் வெள்ளைக்காரன் கட்டின பங்களா. அதுக்குத் தேக்கு வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் கரையான் லேசில் அண்டாது. நிலம்பூரில் கலெக்டர் கனோலி 1840-களில் தேக்குத் தோட்டம் போட்டதும், பர்மா தேக்குக் கம்பெனியின் தகராறைச் சாக்காக வைத்து 1885-இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடித்ததும் இந்த மரத்துக்காகத்தான். பர்மா தேக்கு என்று பெருமையாகத் தட்டிக் காட்டுகிறார்களே, அந்த பர்மாவுக்குக் கப்பல் ஏறிப்போன தமிழ்க் கூலிகளில் நம் சனமும் உண்டு.

ஆயாவின் அப்பா நீலகிரியில் ஒரு பங்களாவில் மேட்டி. பட்லருக்குக் கீழே எடுபிடி வேலை பார்க்கிறவரை அப்படிச் சொல்வார்கள். அவர் சொன்ன பாடம் ஆயா வாயில் கடைசி வரை இருந்தது: "பலகைக்கு மொத எமன் மண்ணு, ரெண்டாவது எமன் தண்ணி." பூட்ஸோடு வருகிற மணல் உப்புத்தாள் மாதிரி பலகையைத் தேய்த்துவிடும். அதனால் காலையும் மாலையும் மெத்தென்ற துடைப்பத்தால் கூட்ட வேண்டும். தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது. துணியை ஒட்டப் பிழிந்து, மர ரேகை ஓடுகிற பக்கமாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். இணைப்பில் தண்ணி இறங்கினால் பலகை உப்பி ஓரம் தூக்கிக்கொள்ளும். மழையில் பலகை விரியும், வெயிலில் சுருங்கும். ஆசாரி சுவரோரம் விடுகிற சந்து அதுக்குத்தான், அதை அடைக்கக் கூடாது. தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து மேலே பூச வேண்டும். டர்பன்டைன் குப்பென்று பற்றிக்கொள்ளும், ஆகவே அடுப்பில் காட்டாமல் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். லேசாகப் பூசணும், தடிப்பாகப் பூசினால் தூசி ஒட்டும். காய்ந்த பிறகு பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்துத் தேய்த்தால் முகம் தெரியும். கீறல் விழுந்தால் ரேகை போகிற பக்கமே உப்புத்தாள் போட்டு, மறுபடியும் மெழுகு.

தேனடையில் எடுக்கிறதும் மெழுகு, சாணியால் பூசுகிறதும் மெழுகு. தமிழில் ஒரே சொல். ஒரு தரை வாரா வாரம் தண்ணி கேட்கும், இன்னொன்று தண்ணியே ஆகாது என்னும். இரண்டையும் ஒரே குடும்பத்தின் கை தெரிந்து வைத்திருந்தது. இதற்குப் பெயர் தொழில்நுட்ப அறிவு இல்லாமல் வேறென்ன?

வெள்ளைக்காரன் வீட்டில் தொட்டால் தீட்டு என்ற பேச்சு இல்லை. சமையலறை வரை போகலாம், கூலி காசாகக் கிடைத்தது. அந்த வேலையில் இருந்தவர்கள் வெறும் எடுபிடி என்று நினைத்துவிடாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டுச் சுவடியிலிருந்து திருக்குறள் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்த கதையைப் பண்டிதரே எழுதியிருக்கிறார். திருக்குறள் ஓலை இருந்தது பட்லர் வீட்டில். ஆனால் வெள்ளைக்காரனுக்கு மாலை போடவும் வேண்டாம். துரை பூட்ஸ் காலோடு பலகைமேல் நடப்பான், வேலைக்காரன் வெறுங்காலோடு நடக்க வேண்டும். மண்ணைக் கொண்டுவந்த கால் ஒன்று, அதைத் துடைக்க மண்டியிட்ட முழங்கால் வேறொன்று.

செருப்பு என்றதும் இன்னொன்று. ராமநாதபுரத்தில் 1930-இல் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளில், குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பதும் ஒன்று. 1924-இல்தான் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொது அலுவலகத்துக்குள் யாரும் போகலாம் என்று அரசாணை வந்திருந்தது. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம், ஓர் அரசாணை! அதற்கும் ஆறு வருஷம் கழித்துக் காலுக்குத் தடை போடுகிறார்கள். சட்டம் தரையைத் திறக்கும், சாதி காலைப் பிடிக்கும்.

1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 76 வருஷம் கழித்து, 2023 ஜனவரி 30 அன்று, இதே திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு போனார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் அப்படியே. சில அடித் தரையை மிதிக்க ஆட்சியரும் காவல்துறையும் வர வேண்டியிருந்தது. கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பாருங்கள். லட்சக்கணக்கான பக்தர்கள் போட்டுவிட்டுப் போனதை யார் வாருகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் உள்ளே வந்து கூட்டுவதற்கு எந்த ஊரும் போலீஸ் பாதுகாப்புக் கேட்பதில்லை.

ஆராய்ச்சி செய்கிற மாணவர்களுக்கும் களப்பணி செய்கிற தோழர்களுக்கும் நான் கேட்பது இரண்டு. சேரியில் மண்தரை போட்ட கடைசித் தலைமுறைப் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன மண், எத்தனை நாள் புளிப்பு, எந்தக் கல், யார் வீட்டுக் களம், என்ன கூலி என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். இந்த அறிவையெல்லாம் திறனற்ற வேலை என்று எழுதித்தான் கூலியைக் குறைத்தார்கள். கேட்டு முடித்ததும், அவர் உட்கார்ந்திருக்கிற தரைக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். அவர் பேரில் இல்லையென்றால் நோட்டை மூடிவிட்டு, தாலுகா ஆபீசுக்கு அவரோடு சேர்ந்து போங்கள்.