நாற்பதில் வரும் சாளேஸ்வரமும் கண்ணாடியின் கதையும்

1/ உங்களுக்கு 40 தாண்டிடுச்சா? மாத்திரை அட்டையைத் தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறீங்களா? இந்தத் தொடர் உங்களுக்குத்தான்.

2/ இதுக்குப் பேர் வெள்ளெழுத்து. சாளேஸ்வரம்னும் சொல்வோம், 'சாலீஸ்'னா இந்தியில் 40. எங்க தர்மபுரி மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுறவங்க நிறைய. அவங்க சொல்ற சத்வாரம், சாளீசு ரெண்டுக்கும் வேர் 40தான்.

3/ ஏன் வருது? கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆக இறுகிடும். கிட்ட இருப்பதைப் பார்க்க அதனால் திரள முடியாது. இது எல்லாருக்கும் வரும்.

4/ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் குவிலென்ஸ் கண்ணாடி பிறந்தது. விஜயநகரக் காலத்து வியாசராயர் (மறைவு 1539) கண்ணாடி வழியா ஓலை படித்ததா சோமநாத கவி எழுதியிருக்கார்.

5/ படிக்க ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாடியை மாத்தி மாத்திப் போடுறது தொல்லை. ரெண்டையும் பாதியா வெட்டி ஒரே சட்டத்தில் சேர்த்ததைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785இல் ஒரு கடிதத்தில் விவரிச்சார். அப்போ அவருக்கு வயசு 79. அதுதான் இன்றைய பைஃபோகல்.

6/ ஆனா அதில் நடுத்தூரம் தெளிவா இருக்காது, நடுவில் கோடு வேற. மேலிருந்து கீழே பவர் மெல்ல ஏறும் லென்ஸுக்கு 1907இல் இங்கிலாந்தின் ஓவன் ஏவ்ஸ் காப்புரிமை பெற்றார். அது கடைக்கு வரலை. 1959இல் பிரான்ஸின் பெர்னார் மெத்தனாஸ் வடிவமைத்த வாரிலக்ஸ்தான் சந்தையில் ஜெயிச்சது.

7/ இதுக்கும் ஒரு விலை உண்டு. பவர் எவ்வளவு வேகமா ஏறுதோ, ஓரங்களில் அவ்வளவு மங்கல். இது கணக்கு விதி. மங்கலை இடம் மாத்தலாம், ஒழிக்க முடியாது. அதனால்தான் புதுசா போட்டவங்களுக்குப் படி இறங்கும்போது தடுமாறும். கண்ணை மட்டும் உருட்டாம தலையைத் திருப்பிப் பாருங்க. சில நாளில் பழகிடும்.

8/ வசதி இல்லாதவங்க? அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 தாண்டிய 751 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்தது. சாதாரணப் படிக்கும் கண்ணாடி தந்ததுக்கே, கண்ணாடி இல்லாதவங்களை விட உற்பத்தி சுமார் 22% கூடுதல். பட்டுக்கூடு பிரிக்கிறவங்க, பூ கட்டுறவங்க, தையல்காரங்க எல்லாருக்கும் இதே கணக்குதான். "வயசாச்சு, கண்ணு தெரியலை"ன்னு வேலையை விட்டா, போறது கூலி.

9/ ப்ரோக்ரெஸிவ்தான் வேணும்னு இல்லை. ஆனா ரோட்டோரத்தில் கண்ணாடி வாங்கிட்டு நிறுத்திடாதீங்க. 40க்கு மேல கண் அழுத்தமும், சர்க்கரை இருந்தா விழித்திரையும் பார்த்தே ஆகணும். கிளாக்கோமா சத்தமில்லாம பார்வையைத் தின்னும்; போன பார்வை திரும்பாது. பக்கத்து அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கு. வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போங்க.