ஹாங்காங் ‘ஈ’ பிளாக்கில் நடந்தது



கொரோனா என்றதும் நமக்கு 2020 ஊரடங்கும், லிஃப்ட் பட்டனைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தியதும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பதினேழு வருடம் முன்பே அதே குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ் கிருமி, நம்முடையதைப் போன்ற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் புகுந்தது. வங்கியில் லெட்ஜர் பார்த்த எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனாலும் இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2003 மார்ச் 4. ஹாங்காங் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையின் 8ஏ வார்டில் 26 வயது இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டார். சார்ஸ் என்ற பெயரே அப்போது வைக்கப்படவில்லை. மூச்சுத் திணறலுக்கு ஒரு வாரம் நெபுலைசர் வைத்தார்கள். அதுவே கிருமியைக் காற்றில் பரப்பியிருக்கும் என்று பிறகு கருதப்பட்டது. அந்த மருத்துவமனையில் சில வாரங்களில் 138 பேர் நோயில் விழுந்தார்கள். அதில் 69 பேர் ஊழியர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள்.

அதே மருத்துவமனைக்குச் சிறுநீரக நோய்க்காக வந்துபோனவர் ஒரு 33 வயதுக்காரர். அவர் மார்ச் 14, 19 தேதிகளில் அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பில், ‘ஈ’ பிளாக்கில் இருந்த தம் சகோதரர் வீட்டுக்குப் போனார். அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. அங்கே கழிப்பறையைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். கடைசியில் அந்தக் குடியிருப்பில் 329 பேருக்குத் தொற்று, 42 பேர் இறந்தார்கள். அவரை நேரில் பார்க்காதவர்களுக்கும், வேறு மாடிகளில் இருந்தவர்களுக்கும் வந்தது.

எப்படி? பாத்ரூம் தரையில் ஜாலிக்குக் கீழே நம் பிளம்பர் ‘நஹானி ட்ராப்’ என்பாரே, அதுதான். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைக்கிறது. அங்கே பலர் தரையைத் துடைப்பார்களே தவிர, தண்ணீர் விட்டுக் கழுவ மாட்டார்கள். ட்ராப் காய்ந்துவிட்டது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் குழாயில் இருந்த காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. நாலாவது மாடியில் ஒரு குழாயில் விரிசல் வேறு. டக்ட் வழியாக அது மேலேறியது. மார்ச் 31-ல் பிளாக்கையே சீல் வைத்து, மறுநாள் குடியிருந்தவர்களை விடுமுறை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள்.

நாம்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோமே என்பீர்கள். சரி, பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகும்போது? விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூம்? வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட்? சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சார்ஸ் அடங்கிய பிறகு, குவாங்சோ, ஹாங்காங் மருத்துவமனைகளில் 124 வார்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில வார்டுகளில் மட்டும் நோய் பரவியது ஏன் என்பதுதான் கேள்வி. படுக்கைகளுக்கு இடையே ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லாதது ஒரு காரணம். ஊழியர்கள் கைகழுவ, உடை மாற்ற இடம் இருந்த வார்டுகள் தப்பின. என்னை யோசிக்க வைத்தது வேறு: உடம்பு சரியில்லாமலே ஊழியர்கள் வேலைக்கு வந்த வார்டுகளில் பரவல் மிக அதிகம்.

நம் வீட்டுவேலை செய்யும் அம்மாக்களும், வாட்ச்மேன்களும், ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் காய்ச்சலோடு ஏன் வருகிறார்கள்? லீவு போட்டால் சம்பளம் பிடிப்போம் என்பதால். ஒரு நாள் கூலி மிச்சம் பிடித்து, இருமலை எட்டு வீட்டுக்குள் விடுவது எந்தக் கணக்கில் லாபம் என்று எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்க மாதம் ஒரு ஃப்ளாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று உத்தேசமாகப் போட்டு, அடுத்த பொதுக்குழு அஜெண்டாவில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.