கடற்படிவுகளில் பழைய மழைக்காலங்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரை

மழைமானிகள் வருவதற்கு முந்திய ஈரக் காலங்களையும் வறட்சிக் காலங்களையும் கடலடிச் சேற்றைக் கொண்டு அறிவது தொல்காலநிலையியலின் ஒரு பிரிவு. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், மேல்நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் ஆழ்கடலில் அடுக்கடுக்காகப் படிகின்றன. கப்பலிலிருந்து குழாயை இறக்கி எடுக்கும் படிவுத்தூணில் கீழே செல்லச் செல்லக் காலம் பழையதாகும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை கதிர்க்கரிமம் வயதைக் காட்டும்.

மாமல்லபுரத்தை ஒட்டிய ஆழமற்ற கடல் இதற்குத் தோதான இடமன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கடற்கரைக் கோயிலுக்குக் கிழக்கே இன்று வலை வீசும் பகுதி அப்போது தரை. பிறகு ஏறிவந்த கடலும் புயலலைகளும் படிந்ததைக் கலைத்துவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சி. பி. இராசேந்திரன் குழுவினர் மாமல்லபுரக் கரையில் பழைய கடற்பெருக்குகளின் மணலடுக்குகளைக் கண்டு 2006இல் வெளியிட்டனர். அவை அலைகளின் சான்று, மழையின் சான்றல்ல.

முட்டுக்காடு போன்ற காயல்களிலும் சிக்கல் உண்டு. மழை குறைந்தாலும் நீரில் உப்பு ஏறும். முகத்துவாரம் திறந்து கடல் புகுந்தாலும் ஏறும். பாலாறோ ஆண்டுக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்து, 2021 நவம்பரில் நடந்ததுபோல் சில நாட்களில் கரைபுரளும் ஆறு. அதன் வண்டல் சராசரி மழையைவிட வெள்ளங்களையே அதிகம் பதிவு செய்யும்.

ஆகவே ஆழ்கடலை நாட வேண்டியிருக்கிறது. அங்கே முதன்மைச் சான்று துளையுடலிகள் என்னும் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடு. ஆற்றுநீர் கலந்து உப்பு குறையும்போது ஓட்டிலுள்ள கன ஆக்சிஜனின் பங்கும் குறைகிறது. வெப்பமும் பனிப்பாறைகளின் அளவும்கூட அதே பங்கை மாற்றும். எனவே ஓட்டின் மக்னீசிய–கால்சிய விகிதத்தால் வெப்பத்தைத் தனியே கணித்துக் கழிக்கின்றனர். மற்றொரு சான்று, நிலத்துத் தாவரங்களிலிருந்து கடலுக்கு வந்து சேரும் இலைமெழுகு. மரங்களுக்கும் வெப்பமண்டலப் புற்களுக்கும் கரிம ஐசோடோப்பு விகிதம் வேறு. வறட்சியில் புல் ஓங்கும்.

2006இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் ஆய்வுக் கப்பல் கோதாவரி முகத்துக்கு அப்பால் எடுத்த தூணில் இந்த மெழுகை ஆராய்ந்த கமிலோ பொன்டன் குழுவினர், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை நடு இந்தியா படிப்படியாக வறண்டதை 2012இல் காட்டினர். அதே கப்பலின் 2014–15 பயணத்தில் மகாநதிக்கு எதிரே எடுத்த படிவு சுமார் 9 லட்சம் ஆண்டு மழை வரலாற்றைத் தந்தது. தமிழகத்தில் இம்முறைக்கு நெருங்கிய உறவு நிலத்தில்தான் இருக்கிறது: நீலகிரிச் சதுப்புக் கரியின் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்த ஆர். சுகுமார் குழுவினரின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரை.

இம்முடிவுகளைச் செங்கல்பட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. கோதாவரி, மகாநதிப் படிவுகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைச் சொல்பவை. இக்கரைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அதே மாதங்களில் கரையோர நீரோட்டமும் தெற்கே திரும்பி, வடக்கத்திய ஆறுகளின் நன்னீரை இங்கே கொண்டுவருகிறது. மாமல்லபுரத்துக்கு அப்பால் ஓர் ஓட்டில் உப்பு குறைந்த தடயம் தெரிந்தால், அது பாலாற்று மழையாகவும் இருக்கலாம், வங்கத்து வெள்ளமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க, உள்ளூர் நிலத்திலிருந்து வந்து சேர்ந்த இலைமெழுகே கூடுதல் உதவி.