சிறு பெட்ரோல் எஞ்சின்களின் தீப்பொறிக் கோளாறுகள்

பிரஷ் கட்டர், புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் செயின் சா, மருந்து தெளிப்பான் போன்ற தோட்டக் கருவிகளில் ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களே பெரும்பாலும் பொருத்தப்படுகின்றன. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி வராமல் போவது, வலுவிழப்பது, நேரம் தவறி வருவது ஆகிய மூன்றும் தீப்பொறிக் கோளாறுகள் எனப்படும். எவ்வளவு கயிறு இழுத்தும் எஞ்சின் எழாததற்கும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிடுவதற்கும் இவை முக்கியக் காரணங்கள்.

கயிறு இழுத்து எழுப்பும் இந்த எஞ்சின்களின் தீப்பொறி அமைப்புக்கு பேட்டரி தேவையில்லை, உறுப்புகளும் குறைவு. எளிதில் பார்க்கக்கூடியதை முதலிலும் கழற்றக் கடினமானதைக் கடைசியிலுமாக வரிசையாகச் சோதித்தால் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். சோதிக்காமலேயே, பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயிலை மாற்றுவது வீண் செலவு. பழுது வேறிடத்தில் இருந்தால் புதுக் காயில் போட்ட பிறகும் எஞ்சின் எழாது.

இயங்கும் முறை

கிராங்க் தண்டின் முனையில் உள்ள ஃப்ளைவீலில் நிலைக்காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பை ஒட்டி, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தின் மேல் காயில் அமர்ந்திருக்கும். அதில் தடித்த கம்பியால் ஆன முதன்மைச் சுருளும், நுண்ணிய கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிய துணைச் சுருளும் உண்டு. கயிற்றை இழுக்கும்போது காந்தம் காயிலைக் கடந்து செல்ல, முதன்மைச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது உச்சத்தை நெருங்கும் வேளையில் சுற்று துண்டிக்கப்படுவதால் காந்தப்புலம் சரிகிறது. துணைச் சுருளில் 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் எழுகிறது. அது ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே பொறியாகத் தாவுகிறது. காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் இந்த அமைப்பே மேக்னெட்டோ.

மெதுவாகச் சுற்றினால் தேவையான மின்னழுத்தம் எழாது. எனவே சோதனையின்போதும் கயிற்றை வேகமாக இழுக்க வேண்டும்.

வரலாறு

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் போஷ் 1887-இல் நிலைத்த எஞ்சின்களுக்கான குறை மின்னழுத்த மேக்னெட்டோவைச் செய்தார். 1902-இல் அவருடைய நிறுவனப் பொறியாளர் கோட்லோப் ஹொனோல்ட், ஸ்பார்க் பிளக்குடன் இணைந்து இயங்கும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை வடிவமைத்தார். இன்றைய தோட்டக் கருவிகளிலும் அதே அடிப்படைதான் தொடர்கிறது.

பழைய எஞ்சின்களில் சுற்றைத் துண்டிக்கும் வேலையை, ஃப்ளைவீலுக்கு அடியில் இருந்த பாயின்ட்டும் கன்டென்சரும் செய்தன. நெடுநாள் சும்மா கிடந்த எஞ்சினில் பாயின்ட்டின் முகம் கறுத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். அதைத் துடைத்து, இடைவெளியைச் சுமார் 0.5 மில்லிமீட்டருக்குச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மில்வாக்கி நகரின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1982-இல் ‘மேக்னட்ரான்’ என்ற மின்னணு அமைப்பைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட அமைப்புகள் பரவியபின் தேயும் பாயின்ட்டுக்குப் பதிலாக டிரான்சிஸ்டரே சுற்றைத் துண்டிக்கிறது.

தீப்பொறியா, எரிபொருளா?

பழுது எந்தப் பக்கம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருப்பதை உறுதிசெய்து, சோக் போட்டுச் சில முறை கயிறு இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. கார்புரேட்டர், ஃபில்டர், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. பிளக்கைத் துடைத்து உலரவைத்து, சோக்கை எடுத்துவிட்டுக் கயிற்றைப் பலமுறை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

அடுத்தது பொறிச் சோதனை. கழற்றிய பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினின் வெற்று உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, நிழலில் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். நீல நிறத்தில் சட்டெனத் தெறித்தால் பொறி வலுவானது. மஞ்சளாக மெலிந்து வந்தால் வலுக் குறைவு. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும் என்பதால் பொறி விழும் இடம் துளையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பிளக்குக்குப் பதிலாக ஸ்பார்க் டெஸ்டரைப் பொருத்திப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது.

ஸ்பார்க் பிளக்

மலிவானதும் அதிகம் பழுதாவதும் பிளக்தான். முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கரித் துணுக்கு ஒன்று இரு முனைகளையும் இணைத்துவிட்டாலே பொறி அடியோடு நின்றுபோகும்.

முனைகளின் இடைவெளி பெரும்பாலான மாடல்களில் 0.5 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். துல்லியமான அளவு கையேட்டில் உண்டு. வெளியே பொறி காட்டும் பிளக், சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும்போது அடங்கிவிடலாம். அழுத்தம் கூடினால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். ஆகவே ஐயம் இருந்தால் அதே எண்ணுள்ள புதுப் பிளக்கைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

சுவிட்ச் ஒயர்

புதுப் பிளக்கிலும் பொறி இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது நிறுத்தும் சுவிட்ச். இவ்வகை எஞ்சின்களில் சுவிட்சை ‘ஆஃப்’ செய்வது முதன்மைச் சுருளை எஞ்சின் உடலோடு எர்த் செய்வதாகும். அந்த ஒயர் வழியில் எங்காவது தோலுரிந்து உலோகத்தைத் தொட்டாலும், சுவிட்சை அணைத்துவைத்த நிலைதான்.

பிரஷ் கட்டரில் இந்த ஒயர் ஆக்சிலரேட்டர் கேபிளுடன் சேர்ந்து கைப்பிடிவரை நீண்டு செல்கிறது. கைப்பிடி மடங்கும் இடத்திலும், கேபிள் எஞ்சின் உறைக்குள் நுழையும் இடத்திலும் அதிர்வில் உராய்ந்து ஒயரின் உறை தேய்ந்துபோகும். காயிலில் செருகியிருக்கும் அந்த ஒயரைக் கழற்றிவிட்டுக் கயிறு இழுத்தால் விடை தெரியும். பொறி வந்தால் காயில் நல்ல நிலையில் இருக்கிறது. பழுது ஒயரிலோ சுவிட்சிலோதான். ஒயர் கழன்ற நிலையில் எஞ்சினைச் சுவிட்சால் நிறுத்த முடியாது என்பதால் ஓட்டிப் பார்க்கக் கூடாது.

காயிலும் காற்றிடைவெளியும்

ஒயரைக் கழற்றியும் பொறி வராவிட்டால் காயிலைப் பார்க்க வேண்டும். உள்ளகத்தின் முகத்திலும் காந்தத்திலும் துரு படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி பல எஞ்சின்களில் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர். அதைச் சரிசெய்ய, காயிலின் இரு போல்ட்டுகளைத் தளர்த்தி, அந்தத் தடிமனுள்ள கேஜையோ விசிட்டிங் கார்டையோ இடையில் வைத்து, காந்தம் உள்ளகத்துக்கு நேரே வரும்படி ஃப்ளைவீலைத் திருப்பினால் போதும். காந்தமே காயிலைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். போல்ட்டுகளை இறுக்கிவிட்டு அட்டையை உருவி, ஃப்ளைவீல் எங்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

காயிலிலிருந்து பிளக்குக்குச் செல்லும் தடித்த ஒயரில் விரிசல் இருந்தால் மின்சாரம் வழியிலேயே எஞ்சின் உடலுக்குத் தாவிவிடும். இருட்டில் இழுத்துப் பார்த்தால் நீல மினுக்கம் தெரியும். பிளக் தொப்பிக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஒயரைக் குத்திப் பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மின்னணுக் காயில்களில் மல்டிமீட்டர் காட்டும் ஓம் அளவை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று முடிவுகட்ட முடியாது.

ஃப்ளைவீல் சாவி

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் எஞ்சின் எழாமல், கயிறு கையைப் பின்னோக்கி வெடுக்கென இழுத்தால் சாவியைச் சந்தேகிக்க வேண்டும். தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே உள்ள இந்தச் சிறு மென்உலோகத் துண்டு, காந்தம் காயிலைக் கடக்கும் நேரத்தை நிலைப்படுத்துகிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு கல்லிலோ மரவேரிலோ மோதினால் தண்டு நின்றுவிட, கனமான ஃப்ளைவீல் தன் வேகத்தில் சற்றே நகர்ந்து சாவியை வெட்டிவிடும். சிறு விலகலும் பொறியின் நேரத்தைக் கெடுக்கும். நட்டைக் கழற்றி மேலிருந்து பார்த்தால் தண்டிலும் ஃப்ளைவீலிலும் சாவி அமரும் இரு பள்ளங்களும் நேர்கோட்டில் இல்லாதது தெரியும். தயாரிப்பாளர் தரும் அதே உலோகச் சாவியைத்தான் போட வேண்டும். எஃகுத் துண்டைச் செதுக்கிச் செருகினால் அடுத்த மோதலில் தண்டோ ஃப்ளைவீலோ உடையும்.

சூடானதும் நின்றால்

குளிர்ந்த நிலையில் எளிதில் எழும் எஞ்சின், சிறிது நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் எழுவது காயில் நலிவின் அடையாளம். வெப்பத்தில் உள் கம்பியின் விரிசல் திறந்துகொள்கிறது, அல்லது காப்புப் பூச்சு பலவீனப்படுகிறது. ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். எனவே நின்ற உடனேயே மூடியைத் தளர்த்தி இழுத்துப் பார்க்க வேண்டும். எழுந்தால் பழுது மூடியில். எழாமல், அந்தச் சூட்டிலேயே நடத்திய பொறிச் சோதனையிலும் பொறி இல்லாவிட்டால் காயிலை மாற்ற வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

பிளேடையோ சங்கிலியையோ தொடுமுன் பிளக் தொப்பியைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். கையால் பிளேடைத் திருப்பினால்கூட எஞ்சின் எழக்கூடும். சோதனையின்போது பிளக்கையோ ஒயரையோ வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அளவைக் கண்மதிப்பில் ஊற்றுவதே பிளக் கரிபிடிக்கப் பெருங்காரணம். 50:1 விகிதம் என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், 25:1 என்றால் 40 மில்லிலிட்டர் என அளந்து ஊற்ற வேண்டும். ஃப்ளைவீலைச் சுற்றி அடையும் புல்தூசியை அவ்வப்போது தட்டி எடுத்தால் காற்றோட்டம் தடைப்படாமல் காயிலும் நீண்ட நாள் உழைக்கும்.