கோர்சிக்காவின் ஜிஆர் 20 மலைப்பாதை: கால் வலு இருந்தால் போதுமா?

புக்கிட் தீமா உச்சியை எத்தனை தடவை தொட்டிருப்பீர்கள்? 163 மீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி இறங்கி, பிராட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

பிரான்சின் கோர்சிக்காத் தீவில் உள்ள ஜிஆர் 20 மலைப்பாதையில் முதல் நாள் மட்டும் சுமார் 1,250 மீட்டர் மேலே போகவேண்டும். அதாவது, ஏழரை புக்கிட் தீமா. (ஏழரை என்றதும் சிரிக்க வேண்டாம், கணக்கு அப்படித்தான் வருகிறது.) அதற்குப் பிறகு இன்னும் 15 நாள் பாக்கி.

ஐரோப்பாவின் ஆகக் கடினமான நெடுந்தூர நடைப்பாதைகளில் ஒன்று என்று அதற்குப் பெயர். சமூக ஊடகத்தில் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு தடவை போய்ட்டு வரலாமே" என்று நினைப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். போகலாம். ஆனால் அந்தப் பாதையைப் பற்றிய எல்லாக் குறிப்பிலும் "அனுபவசாலிகளுக்கு" என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டே வரும். அந்த அனுபவம் என்ன அனுபவம்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், அது என்ன பாதை?

கோர்சிக்கா மத்தியதரைக் கடலில் இருக்கும் தீவு. தீவின் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு மலைத்தொடர். அந்த முதுகெலும்பின் மேலேயே வடமேற்கில் உள்ள கலென்சானா கிராமத்திலிருந்து தென்கிழக்கில் உள்ள கொங்கா கிராமம் வரை போகிறது ஜிஆர் 20. நீளம் சுமார் 180 கிலோமீட்டர். வழக்கமாக 16 நாள் நடையாகப் பிரிப்பார்கள்: வடபாதிக்கு 9, தென்பாதிக்கு 7.

ஆடு மேய்ப்பவர்கள் காலங்காலமாக நடந்த தடங்கள் சிலவற்றையும் இணைத்து 1970களின் தொடக்கத்தில் உருவான பாதை இது. மிஷேல் ஃபாப்ரிகான் என்ற மலையேறியின் பெயர்தான் அதோடு சேர்த்துச் சொல்லப்படும். 1972இல் அமைக்கப்பட்ட கோர்சிக்கா வட்டாரப் இயற்கைப் பூங்கா அமைப்பு பாதையையும் வழியில் உள்ள பெரும்பாலான மலைக்குடில்களையும் கவனித்துக்கொள்கிறது.

பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்புக் கோடுகள் தீட்டப்பட்டிருக்கும். அதைப் பின்பற்றிப் போக வேண்டியதுதான். இரு நிறமும் பெருக்கல் குறிபோல் குறுக்காக இருந்தால் அது தவறான வழி. கோடு கண்ணில் படாமல் பத்து நிமிடம் நடந்துவிட்டால், கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்பிவிடுங்கள். "கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்ற எண்ணம் மூடுபனியில் ஆபத்து.

"நான் கினபாலு ஏறியிருக்கேன். இது முடியாதா?"

நல்ல கேள்வி. கினபாலு 4,095 மீட்டர். ஜிஆர் 20இன் ஆக உயரமான இடம் சுமார் 2,600 மீட்டர்தான். உயரத்தை மட்டும் பார்த்தால் இது சின்னதாகத் தெரியும்.

ஆனால் கினபாலு பொதுவாக இரண்டு நாள், ஓர் இரவு. வழிகாட்டி கட்டாயம். மேலே கருங்கல் சரிவில் பிடித்துக்கொள்ளக் கயிறு. இறங்கியதும் சுடுதண்ணீரில் குளித்துவிட்டுத் தூங்கலாம்.

ஜிஆர் 20இல் வழிகாட்டி கட்டாயமில்லை. யாரும் உங்களைத் தடுக்கவும் மாட்டார்கள். முட்டி வலிக்கிறதா, நாளைக்கும் அதே முட்டிதான். நாளை மறுநாளும் அதேதான். ஒரு நாள் நடை என்பது 6 முதல் 9 மணி நேரம். வடபாதியில் பல இடங்களில் அதை நடை என்று சொல்வதே சரியில்லை. கைகளைப் பயன்படுத்தி ஏறவேண்டும், பாறையில் உட்கார்ந்து சறுக்கி இறங்கவேண்டும். கரோசு குடிலைத் தாண்டியதும் ஸ்பாசிமாத்தா தொங்குபாலம் வரும். பாலத்தில் ஆடிக்கொண்டே படம் எடுப்பவர்கள்தான் அதிகம். உண்மையான சோதனை பாலத்துக்கு அப்புறம் இருக்கிறது: சங்கிலி பதித்த வழுவழுப்பான பாறைச் சரிவுகள். காய்ந்திருந்தால் காலணி நன்றாகப் பிடிக்கும். நனைந்திருந்தால் கண்ணாடித் தரை மாதிரி.

லாம்பெர் சான்டெல்லி என்ற கோர்சிக்கா ஓட்டக்காரர் 2021இல் முழுப் பாதையையும் 30 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்தார். அந்தக் காணொளியைப் பார்த்து யாரும் திட்டம் போட வேண்டாம். அவர் அங்கேயே வளர்ந்தவர்.

2015 ஜூன் 10

அந்த வாரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 5ஆம் தேதி கினபாலுவில் நிலநடுக்கம். 18 பேர் மாண்டனர். தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களில் அடங்குவர். சிங்கப்பூர் முழுதும் அந்தத் துக்கத்தில் இருந்தது. அதனால் ஐந்து நாள் கழித்து கோர்சிக்காவில் நடந்தது இங்கே அவ்வளவாக யார் கவனத்துக்கும் வரவில்லை.

ஜிஆர் 20இல் 'தனிமை வட்டம்' என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒரு செங்குத்துப் பள்ளம் இருந்தது. சங்கிலியையும் ஏணியையும் பிடித்து ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் ஏறவேண்டும். முழுப் பாதையிலும் புகழ்பெற்ற இடம் அதுதான். அதற்காகவே வந்தவர்கள் உண்டு. 10ஆம் தேதி புயல் மழையில் அங்கே மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர்.

அதன் பிறகு அந்தப் பகுதி பாதையிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது அஸ்கோவிலிருந்து தீவின் ஆக உயரமான சிந்தோ மலையின் (2,706 மீட்டர்) தோளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வழியில் 2,607 மீட்டர் உயர முகடு. அஸ்கோ சுமார் 1,420 மீட்டரில் இருக்கிறது, ஆக ஒரே மூச்சில் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏற்றம். ஜூன் மாதத்தில் மேலே பனித்திட்டுகள் கிடக்கும். சங்கிலி பயம் போனது, ஆனால் நாள் நீண்டுவிட்டது. பழைய வழியில் இன்னும் போகலாம் என்று இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்படியென்றால் பெரிய எதிரி எது? பாறையா?

வானிலை. கோடையில் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி, மின்னல். மலைமுகட்டில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. அதனால்தான் அனுபவசாலிகள் விடியுமுன் 5, 6 மணிக்கே கிளம்பி, மதியம் ஒன்று இரண்டு மணிக்குள் அடுத்த குடிலுக்குப் போய்விடுகிறார்கள். எட்டு மணிக்கு எழுந்து காப்பி குடித்து மெதுவாகக் கிளம்புவது விடுமுறைப் பழக்கம். இங்கே அது ஆகாது.

அதுவும் எப்போதும் காப்பாற்றாது. 2022 ஆகஸ்ட் 18ஆம் தேதி காலையிலேயே ஒரு புயல் தீவைத் தாக்கியது. காற்றின் வேகம் ஓர் இடத்தில் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டியது. தீவில் ஐந்து பேர் மாண்டனர். முகாமில் மரம் விழுந்து இறந்த ஒரு சிறுமியும் அவர்களில் ஒருவர்.

ஆகவே ஒவ்வொரு மாலையும் குடில் பொறுப்பாளரிடம் அடுத்த நாள் வானிலையைக் கேளுங்கள். கைப்பேசிச் செயலியைவிட அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். பல இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞையே கிடைக்காது.

இங்கேதான் ஒரு சிக்கல். குடிலில் இடம் முன்கூட்டியே பதிவுசெய்யவேண்டும். கட்டிலோ, வாடகைக் கூடாரமோ, சொந்தக் கூடாரம் போடும் இடமோ, எல்லாமே பூங்கா அமைப்பின் இணையத்தளம் வழியாக, எந்தத் தேதியில் எந்தக் குடில் என்று முன்பே சொல்லி. விமானச்சீட்டு வாங்கியாச்சு, விடுப்பு எடுத்தாச்சு, 15 இரவுக்கும் பணம் கட்டியாச்சு. ஐந்தாம் நாள் பொறுப்பாளர் வந்து "நாளைக்குப் போகாதீங்க" என்கிறார். ஒரு நாள் தங்கினால் அடுத்த பத்துப் பதிவும் தள்ளிப்போகும். மனம் என்ன சொல்லும்? "மழை வராதுன்னு தோணுது, கிளம்பிடலாம்."

அனுபவம் என்று சொல்வது அந்த இடத்தில் கிளம்பாமல் இருப்பதைத்தான் என்பது என் கருத்து. அதற்கு வசதியாகத் திட்டத்திலேயே இரண்டு நாள் காலியாக விடுங்கள். முழுப் பாதையையும் 16 நாள் விடுப்புக்குள் திணிக்காதீர்கள்.

பாதையிலிருந்து வெளியேறும் வழிகளையும் முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வடக்கே அஸ்கோவிலும் வெர்ஜியோவிலும் சாலை இருக்கிறது. நடுவில் விசாவோனாவில் ரயில் நிலையமே உண்டு, அஜாக்சியோவுக்கோ பாஸ்தியாவுக்கோ போய்விடலாம். தெற்கே கப்பனெல், வெர்டே கணவாய், பவெல்லா ஆகிய இடங்களில் சாலை குறுக்கிடும். இவற்றுக்கு இடையில் மாட்டிக்கொண்டால் முன்னே போவதும் திரும்பிப் போவதும் ஒரே அளவு கஷ்டம்.

குடில் என்றால் ஹோட்டல் மாதிரியா?

இல்லை. கல்லால் கட்டிய சின்ன வீடு. வரிசையாகப் பலகைக் கட்டில்கள். ஒரே அறையில் இருபது முப்பது பேர், அதில் நாலு பேராவது குறட்டை விடுவார்கள். குளிக்கத் தண்ணீர் பெரும்பாலும் மலைநீர், அதன் குளிர் உங்களைக் கத்த வைக்கும். மூட்டைப்பூச்சிப் புகார் பல ஆண்டுகளாக உண்டு. அதனாலேயே பலரும் உள்ளே கட்டில் காலியாக இருந்தாலும் கூடாரத்தில் தூங்குகிறார்கள். தூங்கும் பையை நீங்களே கொண்டுபோக வேண்டும். குடில்களுக்கு வெளியே கண்ட இடத்தில் கூடாரம் போடுவதற்கும் தீ மூட்டுவதற்கும் தடை.

இரவுச் சாப்பாடு கிடைக்கும்: சூப், பாஸ்தா அல்லது பருப்பு, உள்ளூர்ப் பாலாடைக்கட்டி. உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி அந்தத் தீவின் பெருமை, பல உணவில் கலந்திருக்கும். சைவம் சாப்பிடுபவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகக் குடில்களில் கேஸ் அடுப்பு இருக்கும், கையில் நூடல்ஸ் இருந்தால் சமாளிக்கலாம். ரொக்கம் எடுத்துப் போங்கள், அட்டை எல்லா இடத்திலும் செல்லாது. சாமான்கள் கழுதையிலும் ஹெலிகாப்டரிலும் வருவதால் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொன்று: அவிழ்த்துவிட்ட பன்றிகள் உலாவும். கூடாரத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு நகராதீர்கள்!

குடில்களில் பொறுப்பாளர்கள் இருப்பது சுமார் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் அதிகம். செப்டம்பர் முற்பாதி பலருக்குப் பிடிக்கிறது.

இங்கிருந்தே எப்படித் தயாராவது?

வீவக புளோக் மாடிப்படிகளில் பையோடு ஏறி இறங்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். நல்லதுதான். ஆனால் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். ஜிஆர் 20இல் தொடைத் தசையைக் கிழிப்பது இறக்கம்தான். பத்துப் பன்னிரண்டு கிலோ சுமந்து, படியில் இறங்கிப் பழகுங்கள்.

சிங்கப்பூரில் கிடைக்காதது கரடுமுரடான பாறை. ஜொகூரில் இருக்கும் குனோங் லேடாங் (1,276 மீட்டர்) அருகிலேயே இருக்கிறது, ஏணியும் கயிறும் உள்ள மலை. இரண்டு நாள் அடுத்தடுத்து நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் கொப்புளம் எங்கே வருகிறது, எந்தப் பொருளைப் பையிலிருந்து தூக்கி எறியத் தோன்றுகிறது என்பது அப்போதுதான் தெரியும். உயரத்தைக் கண்டால் கை நடுங்குபவர்கள் உள்ளரங்கப் பாறையேற்ற மையத்தில் சில மாதம் பயிற்சி எடுப்பது நல்லது.

இதெல்லாம் அதிகம் என்று தோன்றினால், தென்பாதியை மட்டும் நடக்கலாம். விசாவோனாவில் ரயிலைவிட்டு இறங்கித் தொடங்கினால் கொங்காவில் முடியும். பாதை ஓரளவு மென்மையானது, ஊசிமாதிரி நிற்கும் பவெல்லாச் சிகரங்கள் அந்தப் பக்கம்தான். ஆனால் பிராத்தியிலிருந்து உஷ்யோலு போகும் முகட்டில் காற்று பேயாக அடிக்கும், அதையும் பூங்காவில் உலாவுவதாக நினைக்க வேண்டாம்.

வடபாதியை எடுப்பவர்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. வெர்ஜியோவைத் தாண்டிய நாளில், சுமார் 1,740 மீட்டர் உயரத்தில் நீனோ ஏரி. சுற்றிலும் பச்சைப் புல்வெளி, நடுநடுவே நீர்க்குழிகள், மேய்ந்துகொண்டிருக்கும் குதிரைகள். அதற்கு முந்திய நாள்களில் பெரும்பாலும் பாறையையே பார்த்த கண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிளம்புமுன் இரண்டு வேலை. மலை மீட்புப் பணிக்கும் ஈடுகொடுக்கும் பயணக் காப்புறுதியா என்று சிறிய எழுத்தையும் படித்துப் பாருங்கள், சில காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. உங்கள் நாள்வாரித் திட்டத்தின் ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிடுங்கள், வெளியேறும் வழிகளையும் சேர்த்து. அங்கே அவசர எண் 112.