வயலிலிருந்து வந்த நிலவறை வடிகால்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் தரை உறைந்துபோகும். மண்ணிலுள்ள நீர் உறைந்து பருக்கும்போது ஆழமில்லாத கடைக்காலைத் தூக்கிவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டி வீடு கட்டினார்கள். தோண்டிய பள்ளம் நிலவறையாயிற்று. உருளைக்கிழங்கும் ஆப்பிளும் குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்தன. பனி உருகியதும் நிலத்தடி நீர் ஏறி, கற்சுவரின் இடுக்குகளில் கசிந்தது.

இதற்குத் தீர்வு உழவர்களிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் ஜான்ஸ்டன், நியூயார்க் மாநிலத்து ஜெனீவா அருகே களிமண் நிலத்தில் பயிர் செய்தார். சொந்த நாட்டு வடிகால் ஓடுகளின் மாதிரியை வரவழைத்து, அதேபோல் உள்ளூரில் செய்வித்து, 1838இல் வயலில் புதைத்தார். நீர் வடிந்த நிலத்தில் கோதுமை செழித்தது. இங்கிலாந்தில் 1840களில் இயந்திரங்கள் வந்தபின் சுடுமண் குழாய்களின் விலையும் குறைந்தது.

நீதிபதியும் வேளாண் ஆர்வலருமான ஹென்றி ஃப்ளாக் பிரெஞ்ச் 1859இல் பண்ணை வடிகால் பற்றி நூல் எழுதினார். அதில் நிலவறை வடிகாலுக்கென ஓர் அத்தியாயமே உண்டு. ‘பிரெஞ்சு வடிகால்’ என்ற பெயர் இவரால் வந்தது.

இம்முறையின் அடிப்படை எளிது. சுவருக்கு வெளியே 1 மீட்டர் உயரம் நீர் நின்றால், அதன் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் அழுத்தம் விழும். தார்ப்பூச்சு மட்டும் இதை நெடுநாள் தாங்காது. நிலவறையின் தரைமட்டத்துக்குக் கீழே, கடைக்காலை ஒட்டிக் குழாய் பதித்தால் நீர்மட்டமே இறங்கிவிடும், அழுத்தமும் நீங்கும்.

பழைய சுடுமண் குழாய்களைப் பூசி இணைக்கவில்லை. மூட்டு இடைவெளி வழியே நீர் புகுந்தது. வண்டலும் மரவேரும் புகுந்ததும் அதே வழியில்தான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அதைச் சுற்றி ஜல்லியும், வண்டலைத் தடுக்கும் வடிதுணியும் இடுகிறார்கள். 100 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் வழக்கம். தாழ்ந்த நிலம் இருந்தால் நீர் தானே வெளியேறும்; இல்லாவிட்டால் குழியில் சேர்த்து மோட்டாரால் இறைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மேற்பரப்பு நீரைக் கவனிக்க வேண்டும். கூரைநீரைச் சுவரைவிட்டுத் தள்ளிவிடுவதும், முதல் 3 மீட்டரில் தரையை 15 சென்டிமீட்டர் வெளிப்புறமாகச் சரிப்பதும் குழாயின் சுமையைப் பெருமளவு குறைக்கும்.