படம் எப்படி?: ஒரே கூரையும் தனித்தனி பெஞ்சுகளும்

1

2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு விநோதமான கோரிக்கை போனது. புதுப்படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு அதைப் பற்றி யாரும் இணையத்தில் விமர்சனம் சொல்லக் கூடாதாம். கேட்டவர்கள் தயாரிப்பாளர்கள். அதற்கு முந்தின மாதம்தான், படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டி 'படம் எப்படி?' என்று கேட்கிற யூடியூப்காரர்களை வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களிடம் தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. கருத்துச் சொல்கிற உரிமையைக் காட்டி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களும் காசு கிடைக்காததால் ஏசுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கிற பயம் அதைவிடப் பழையது. கோடம்பாக்கத்தில் அதற்கு 'மவுத் டாக்' என்று பெயர். சுவரொட்டியைக் காசு கொடுத்து அச்சடிக்கலாம், பத்திரிகையில் முழுப்பக்கம் வாங்கலாம், வாசலில் தோரணம் கட்டலாம். முதல் காட்சி விட்டு வருகிறவன் டீக்கடையில் சொல்லப்போகிற ஒரு வார்த்தையை மட்டும் முன்கூட்டி எழுதிவைக்க முடிவதில்லை.

தமிழ் சினிமா விமர்சனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பத்திரிகை மதிப்புரையிலிருந்து தொடங்குகிறார்கள். வாய்ப்பேச்சை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் விமர்சனம்தான் என்று வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைத் திரும்பப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தப் பேச்சைக் கொண்டாடுவது என் நோக்கமல்ல. யார், யாரிடம், எந்த இடத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது என்று கேட்கத் தொடங்கினால் கொண்டாட்டம் தானாகவே அடங்கிவிடும்.

2

திருச்சியில் ரயில்வேயில் வேலைபார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். நான்கே வருடத்தில், 1918ல், சினிமாட்டோகிராப் சட்டம் வந்தது. ஜனங்கள் எதைப் பார்க்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் ஏற்பாடு அது. பார்த்துவிட்டு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற கவலையும் அரசுக்கு இருந்தது. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் வருகிற கோலத்தைப் பார்த்தால் ஆளும் இனத்தின்மேல் இருக்கிற மரியாதை போய்விடுமே என்று துரைமார்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

1927ல் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமாவை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அது 4,325 கேள்வித்தாள்களை அனுப்பியது. 353 சாட்சிகளை நேரில் விசாரித்தது. அறிக்கை 1928ல் வந்தது. சாட்சியங்கள் தனித் தொகுதிகளாக அச்சாயின. இந்திய சினிமா பார்வையாளனைப் பற்றி இவ்வளவு பெரிய ஆவணம் அந்தக் காலத்துக்கு வேறில்லை. ஆனால் சாட்சி சொன்னவர்கள் யார்? அதிகாரிகள், வக்கீல்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், பட வியாபாரிகள், பாதிரிமார்கள். தரை டிக்கெட்காரன் அந்தப் பக்கங்கள் முழுக்க நடமாடுகிறான், ஆனால் ஒரு பேசுபொருளாக. அவனுக்கு எது பிடிக்கும், எது அவனைக் கெடுக்கும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். படித்தவன் சொன்னால் 'அபிப்பிராயம்', படிக்காதவன் சொன்னால் 'பாதிப்பு' என்ற பாகுபாடு அங்கேயே உறுதிப்பட்டுவிட்டது. இன்றும் நம் கட்டுரைகளில் அது செத்தபாடில்லை.

3

1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழில் பேசும் படம் தொடங்கியது. படம் பேசத் தொடங்கியதும் படத்தைப் பற்றிய பேச்சுக்கும் அச்சில் இடம் கிடைத்தது. கல்கி ஆனந்த விகடனில் படங்களைப் பற்றி எழுதினார். 1942ல் 'பேசும் படம்' என்ற பத்திரிகையே வந்தது. 'குண்டூசி' நடத்திய பி.ஆர்.எஸ். கோபாலின் கேள்வி-பதிலுக்கென்று ஒரு வாசகர் கூட்டம் இருந்தது. தபால் கார்டில் எழுதிப்போட்டால் நம் ஊர்ப் பெயரோடு கேள்வி அச்சில் வரும். டீக்கடையில் கேட்கிற கேள்வியையே இன்னும் பெரிய கடையில் கேட்பதுபோலத்தான் அது. ஒரு வித்தியாசம் உண்டு. டீக்கடையில் கேட்டவனே எதிர்ப்பதிலும் சொல்லலாம். பத்திரிகையில் பதில் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான்.

இந்தப் பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தைச் சரக்காக்கினார். 1944 நவம்பரில் சென்னையில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போய், 1947ல் விடுதலையானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். கதாநாயகன் சிறையில், படம் ஓடிக்கொண்டிருக்கிறது! படத்தைப் பற்றிய பேச்சு நடிகரைப் பற்றிய பேச்சாக மாறுவது அதற்கும் முன்பே தொடங்கிய விஷயம்தான். ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. அந்தப் படத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1991ல் எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் வரும். சென்னை மூர் மார்க்கெட் பக்கம் தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கிறவர்கள் அதன் வசனத்தை நீளநீளமாக ஒப்பித்துக் காசு வாங்கினார்களாம். படத்தைத் தடை செய்யச் சொல்லி மேலே மனுக்கள் போய்க்கொண்டிருந்தபோது கீழே நடந்தது இது. ஒரு பிரதியைப் பிரித்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்து, நடுரோட்டில் நின்று பேசிக்காட்டுவதைவிட நல்ல சிபாரிசு என்ன இருக்க முடியும்? எந்தத் துண்டை எடுப்பது என்ற தேர்வே ஒரு விமர்சனத் தீர்ப்புதான்.

4

கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக வைத்து 1981ல் வெளியிட்ட சிறு நூலில், பின்னாளில் பலரும் எடுத்தாண்ட ஒரு கருத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதியல்ல, டிக்கெட்டுக்குக் கொடுக்க முடிந்த காசு என்பது அவர் வாதம். கோயில் பிரகாரத்துக் கச்சேரியையும் ஊர்க்கூத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய உடைப்பு என்பது விளங்கும்.

ஆனால் கூரை மூன்று மணி நேரத்துக்குத்தான். மணியடித்து, விளக்குப் போட்டு, வேட்டியில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு எழுந்த பிறகு என்ன நடந்தது? படம் விட்டால் டீக்கடை. அங்கே பல ஊர்களில் இரண்டு விதமான குவளை இருந்தது. ஒரு சாராருக்குக் கடைக்குள் பெஞ்சு, கண்ணாடித் தம்ளர். தலித்துகளுக்கு வெளியே நின்று குடிக்கத் தனிக் குவளை. குடித்துவிட்டுக் கழுவி வைக்கவும் வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதை வெகு சாதாரணமாகச் சொன்னார்: "பாக்கது ஒண்ணாத்தான் தம்பி பாப்போம். பேசுததுதான் வேற வேற."

இந்த வாக்கியத்தை சிவத்தம்பியின் வாதத்துக்குப் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். மறுப்பாக அல்ல, மிச்சமாக. பார்ப்பதில் கிடைத்த சமத்துவம் பேசுவதில் கிடைக்கவில்லை. கண்ணுக்குக் கிடைத்தது வாய்க்குக் கிடைக்கவில்லை. ஒரே படத்தைப் பார்த்தவர்கள் தனித்தனி இடங்களில் நின்று தனித்தனியாக அலசினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவன் உரக்கச் சொன்னது 'ஊர்ப்பேச்சு' ஆனது, படத்தை ஓடவைத்தது அல்லது கவிழ்த்தது. வெளியே நின்றவன் சொன்னது சேரிக்குள் போனது. அந்தப் பேச்சுக்கு நம்மிடம் எந்தப் பதிவும் இல்லை. 'ரசிகன்' என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது எந்தப் பெஞ்சுக்காரனைச் சொல்கிறோம்?

5

டீக்கடையில் எந்தப் பெஞ்சிலும் பெண்கள் இல்லை. அப்படியானால் பெண்களுக்குள் படப்பேச்சு எங்கே நடந்தது? எனக்குத் தெரிந்த இடம் பீடி சுற்றுகிற திண்ணை. திருநெல்வேலிச் சீமையில் மடியில் சுளவை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பொழுதடைகிற வரைக்கும் கை ஓயாமல் சுற்றுவார்கள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது? அங்கே ஒருத்தி படக்கதை சொல்லுவாள். எங்கள் திண்ணையில் அது ஆச்சி.

டூரிங் கொட்டகையில், இடுப்பளவு தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள் பகுதியில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்களை ஆச்சி வருடங்கள் கழித்தும் காட்சி காட்சியாகச் சொல்லுவாள். 1990களின் நடுவில் நான் கேட்டிருக்கிறேன். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லும். அது வியாபாரம். ஆச்சி முழுசாகச் சொல்லுவாள். ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேரை மாமியாரோ புருஷனோ படத்துக்கு அனுப்பப் போவதில்லை. அவர்களுக்கு ஆச்சி சொன்னதுதான் படம்.

1972ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' பட்டணத்துப் பெண்டாட்டியைக் கிராமத்துப் புருஷன் வழிக்குக் கொண்டுவருகிற கதை. படம் பிரமாதமாக ஓடியது. சிவாஜி என்றால் ஆச்சிக்கு உயிர். ஆனாலும் அந்த இடம் வரும்போது கதையை நிறுத்திவிடுவாள். "ஏட்டி, அவன் நல்லாத்தான் நடிச்சான். பொண்டாட்டிய அடிச்சுத் திருத்துனாம்னு சொன்னா எவ நம்புவா? அடிபட்டவ திருந்த மாட்டா, பயந்துக்கிடுவா." சுளவுகளுக்கு மேலே தலைகள் ஆடும். யாரோ ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். பிறகு கதை தொடரும்.

பெண்ணிய விமர்சனம் தமிழ் சினிமாவைத் தொட்டது எப்போது என்று கேட்டால் நாம் பத்திரிகைகளின் பெயரைச் சொல்கிறோம். திண்ணையை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்களும் அதை விமர்சனம் என்று சொல்லிக்கொண்டதில்லை. 'காசுக்கு மோசமில்ல', 'இன்ட்ரோலுக்குப் பெறகு தூங்கிரலாம்', 'பாட்டுக்காகப் பாக்கலாம்' என்பவைதான் அவர்களுடைய அளவுகோல்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. காசு, தூக்கம், நேரம் என்ற மூன்றுமே உழைக்கிறவர்களிடம் குறைவாக இருப்பவை. அவற்றைக் கேட்கிற படம் பதிலுக்கு என்ன தருகிறது என்று பார்ப்பதும் ஒரு அழகியல்தான்.

6

இந்தப் பேச்சை அடக்கியவர்கள் அரசும் வியாபாரிகளும் மட்டுமல்ல. ரசிகர் மன்றம் அடக்கியது. மன்றத்தில் சேர்ந்தவன் தலைவரின் படத்தைச் 'சுமார்' என்று சொல்ல முடியாது. அபிப்பிராயம் இருந்த இடத்தில் விசுவாசம் வந்து உட்கார்ந்துவிட்டது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டபோது, மன்றங்களே கட்சிக்குக் கிளைகளாக நின்றன. உழைக்கும் ஆண்களுக்கு மன்றம் ஒரு பெஞ்சைக் கொடுத்தது என்பதும் உண்மை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எதைச் சொல்லலாம் என்பதையும் மன்றமே தீர்மானித்தது. பெண்களுக்கு அங்கேயும் பெரும்பாலும் இடமில்லை.

அடுத்து நாம். 1947ல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் மற்ற நண்பர்களும் தொடங்கிய ஃபிலிம் சொசைட்டி வழியில் இங்கேயும் சங்கங்கள் வந்தன. அவை நமக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தன, அந்தக் கடன் தீராது. ஆனால் படம் முடிந்து நடந்த கலந்துரையாடலில் யார் இருந்தார்கள்? உறுப்பினர் அட்டை உள்ளவர்கள். வெளியே இருந்தவர்களை 'வெகுஜனம்' என்று ஒரே சொல்லில் முடித்துவைத்தோம். சிறுபத்திரிகைகளும் அதைத்தான் செய்தன. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ம் வருட நூல், எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் கட்டப்பட்ட விதத்தையும் அதற்கு ஏழைகளின் சம்மதம் கிடைத்த விதத்தையும் கூர்மையாக விளக்கியது. அடுத்த வருடமே, மதுரையின் ஏழைகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய சாரா டிக்கியின் நூல் வந்தது. முதலாவதிலிருந்து பிம்பத்தைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டோம். இரண்டாவது செய்த வேலையை, அதாவது போய் உட்கார்ந்து கேட்பதை, நாம் தொடரவில்லை.

டூரிங் கொட்டகைகள் ஏறக்குறைய போய்விட்டன. ஆச்சியும் போய்விட்டாள். அவள் சொன்ன கதைகளில் எனக்கு நினைவிருப்பவை ஏழெட்டுத்தான். வாசலில் மைக்கை நீட்டுகிறவனின் கேமராவிலும் யார் முகம் வருகிறது, யாருடைய பேச்சு வெட்டப்படுகிறது என்பது வேறு கேள்வி. பழைய பெஞ்சுப் பாகுபாடு அங்கே ஒழிந்துவிட்டது என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. இருந்தும், மூன்று நாள் வாயை மூடச் சொல்கிறவர்களுக்கு எதிராக அந்தப் பேச்சின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக இந்த ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறார்கள். பேசாதே என்பவர்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். பேசினதைக் கேட்காமல் விட்ட கணக்கை நாம்தான் தீர்க்க வேண்டும். அதற்கு முதலில் வீட்டில் இருக்கிற வயசான பெண்களிடம் போய் உட்கார்ந்து, "நீ பாத்த படத்துல ஒண்ணு சொல்லு" என்று கேட்கலாம். குறுக்கே பேசாமல்.